நந்தவனத்திலிருந்து நாற்றங்கால் வரை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுன்னு தலைவி அக்கா சொன்னப்போ, "அக்கா, எனக்குத் தீர்மான நோட்டு எழுதத்தான் தெரியும்"னு சொன்னேன். "அப்ப நீ செய்யற வேலையைப் பத்தி எழுது. அது எங்கிருந்து வந்ததுன்னு எழுது. நம்ம பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை தோட்டம் அமைப்பது. பள்ளிக்கூடம், வீடு, கல்யாண மண்டபம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய், இடத்தைப் பார்த்து, படம் போட்டு, நம்ம பகுதியிலேயே விளையும் மரம், செடி, கொடிகளை வைத்துத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறோம். என்னோடு சேர்த்து ஆறு பேர். "செடி வைக்கிறதுக்குக் கூடவா காசு கொடுப்பாங்க?"ன்னு என் மாமியாரே முதலில் கேட்டாங்க. கொடுக்கிறார்கள். இது பழைய தொழில். நடுவில் நம்ம கையை விட்டுப் போய்விட்டது. அது எப்படிப் போச்சு, எப்படித் திரும்பி வருதுன்னு எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன்.

நந்தவனமும் கோயில் காடும்

பெரிய கோயில் என்றால் பக்கத்தில் ஒரு நந்தவனம் இருக்கும். நந்தவனத்துக்கு நிலம் விட்டது, பூப் பறிக்கவும் தண்ணீர் இறைக்கவும் ஆள் வைத்தது, அவர்களுக்கு நெல் அளந்தது எல்லாம் நம்ம நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது. அதாவது தோட்ட வேலைக்கு அந்தக் காலத்திலேயே கூலியும் உண்டு, மரியாதையும் உண்டு.

ஒவ்வொரு கோயிலுக்கும் தல விருட்சம் என்று ஒரு மரம் இருக்கும். மதுரைக்குக் கடம்பு, திருவண்ணாமலைக்கு மகிழம், சிதம்பரத்துக்குத் தில்லை. இந்தத் தில்லை உப்பங்கழி ஓரத்தில் வளரும் மரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் இன்றைக்கும் நிற்கிறது. அந்த மண்ணில் எது தானாக வருமோ அதையே சாமி மரமாகக் கும்பிட்டிருக்கிறார்கள்.

கோயில் காடு இன்னொரு வகை. அதை யாரும் நடவில்லை, யாரும் வெட்டவும் இல்லை. ஐயனார் காட்டில் சுள்ளி ஒடித்தால் குற்றம் என்று சொல்லியே காப்பாற்றி வைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அப்படிப்பட்டது. கடற்கரைச் சமவெளி முழுக்க ஒரு காலத்தில் என்ன காடு இருந்தது என்று தெரிந்துகொள்ள, படித்தவர்கள் இப்போது அந்தக் கோயில் காட்டுக்குத்தான் வருகிறார்கள்.

நம்ம கல்வராயன் மலை வேறு மாதிரி. அங்கே மலையாளி இன மக்கள் சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் புளியும் தேனும் எடுத்துப் பிழைத்தார்கள். எந்த மரம் எந்த மாசம் பூக்கும், எது காய்ச்சலுக்கு ஆகும், எது மாட்டுக்கு ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மலை மூன்று ஜாகிர்தாரர்கள் கையில் இருந்தது. நாடு 1947ல் சுதந்திரம் அடைந்தும் அந்த மலைக்கு ஜாகிர் ஆட்சியிலிருந்து விடுதலை 1976ல்தான் கிடைத்தது. செடியைத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், இடத்துக்கு உரிமை உள்ளவர்கள் இன்னொரு பக்கம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

கப்பலில் வந்த செடிகள்

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு தோட்டம் என்றாலே வேறு அர்த்தம் ஆனது. 1835ல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. 1848ல் மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் ஊட்டியில் தாவரவியல் பூங்காவை அமைக்க ஆரம்பித்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் செடிகள் வந்தன. நாம் இன்று ஊர்ச் செடி என்று நினைக்கிற பலவும் இப்படி வெளியிலிருந்து வந்தவைதான். காகிதப்பூ பிரேசில் பக்கத்துச் செடி. குல்மோகர் மடகாஸ்கர் தீவு மரம். கொடுக்காப்புளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்று கேட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை.

வெளியிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மிளகாயும் தக்காளியும் அப்படி வந்தவைதான். நம்ம மாவட்டத்துக்கே சோறு போடுகிற மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அது நாம் நட்ட இடத்தில் நிற்கும், பிடுங்கினால் போய்விடும். போகச் சொன்னாலும் போகாத செடிகள்தான் தொல்லை. உண்ணிச்செடி 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தோட்டத்துக்கு வந்தது. இன்றைக்குக் கல்வராயன் மலையில் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள், அது எங்கெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வார்கள். சீமைக்கருவேலம் விறகுக்காக 1877ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அது பிடித்த ஏரியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

செடி வந்ததோடு ஒரு எண்ணமும் வந்தது. புல்தரையும் வரிசையாக வெட்டிவிட்ட செடியும் இருந்தால்தான் தோட்டம், ஆவாரையும் நொச்சியும் வெறும் புதர் என்கிற எண்ணம். அதோடு, படம் போட ஒருத்தர், தண்ணி ஊத்த ஒருத்தர் என்று வேலையும் இரண்டாகப் பிரிந்தது. தண்ணி ஊத்துகிற வேலை பெண்களுக்கு வந்தது.

நாம் சேர்ந்த கதை

நம்ம குழுக்களின் வரலாறும் இதில் சேரும். 1989ல் தருமபுரியில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தது. 1991-92ல் அது சேலத்துக்கும் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. அந்தத் தென்னாற்காட்டில்தான் கள்ளக்குறிச்சியும் இருந்தது. 1993ல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தோம். 1997-98ல் மகளிர் திட்டம் வந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமே ஆகிவிட்டது. மாவட்டம் மாறினாலும் வாரச் சேமிப்பும் உள்கடனும் நிற்கவில்லை.

எங்கள் குழு உள்கடன் எடுத்து நாற்றங்கால் போட்டது. அப்போது எல்லோரும் கேட்டது கோனோகார்பஸ் செடி. சீக்கிரம் வளரும், பச்சைச் சுவர் மாதிரி நிற்கும், ஆடு மாடு கடிக்காது. வீட்டுமனை போடுகிற ஒருத்தர் 2000 செடி கேட்டார். நாங்களும் குச்சி வாங்கி, பை நிரப்பி, வெயிலில் தண்ணீர் சுமந்து வளர்த்தோம். பாதியை எடுத்துக்கொண்டு, மீதி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேர் தண்ணீர்க் குழாய்க்குள் போகிறது என்று யாரோ சொன்னார்களாம். எழுதி வாங்கிய ஒப்பந்தம் எங்களிடம் இல்லை. கடனை அடைக்க நான் இரண்டு ஆட்டை விற்றேன். எங்கள் பிரதிநிதி கம்மலை அடகு வைத்தாள். அந்தச் செடி எப்படிப்பட்டது என்று பிறகுதான் புரிந்தது. 2023ல் குஜராத் அரசு அதை நடவே கூடாது என்று தடை போட்டது.

அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து ஒரு ஆயா, மகளைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தார். நாற்றங்காலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல தின்ன என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல ஆயா."

"மருந்துக்கு?"

"அதுவும் இல்ல."

"குருவி, தேனீ வருமா?"

"வரல ஆயா."

"அப்பறம் எதுக்கும்மா இதுக்குத் தண்ணி சுமக்கறீங்க?"

எங்களுக்குப் பதில் இல்லை. அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் பெயர் பெயராகச் சொல்ல, நான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். வெப்பாலை, விராலி, ஆவாரை, நொச்சி, ஆடாதோடை, சரக்கொன்றை, நாவல், இலுப்பை, கடுக்காய், செங்காந்தள். செங்காந்தள் மாநிலப் பூ, ஆனால் கிழங்கு விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதே என்றும் சொன்னார். வேலங்காயை ஆட்டுக்குப் போடு, பட்டியில் விழுகிற கொட்டையைப் பொறுக்கி விதை, சீக்கிரம் முளைக்கும் என்றார். நாற்பத்தொரு பெயர். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

செம்மண் மேட்டில் பார்த்தது

பிறகு ஒரு பட்டறிவுப் பயணத்தில் ஆரோவில் போனோம். 1968 பிப்ரவரி 28ல் அது தொடங்கியபோது அந்த மேடு முழுக்க வெறும் செம்மண். மழை பெய்தால் மண் கரைந்து பள்ளம் பள்ளமாக ஓடிக் கடலில் சேருமாம். வந்தவர்கள் முதலில் வரப்பு போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள். அப்புறம் நிழலுக்காக, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேல மர வகை உட்பட எது சீக்கிரம் வருமோ அதை நட்டார்கள். வருஷங்கள் போன பிறகுதான் இந்தக் கரைக்கு உரிய காடு எது என்று தேடினார்கள். அது மழை குறைவாக இருந்தாலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. காசான், கருங்காலி, உலக்கைப் பாலை எல்லாம் அதில் வரும். விதை எங்கே கிடைத்தது தெரியுமா? நான் முதலில் சொன்ன கோயில் காடுகளில். பாட்டன் பூட்டன் சாமிக்குப் பயந்து விட்டுவைத்ததுதான் விதைக் கிடங்கு ஆனது.

அங்கே ஜாஸ் புரூக்ஸ் என்பவர் உருவாக்கிய பிச்சாண்டிக்குளம் காட்டைப் பார்த்தோம். 2000ல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தையும் பார்த்தோம். சென்னையில் அடையாறு கழிமுகத்தில் குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த 58 ஏக்கரை நம்ம மண்ணுச் செடிகளை வைத்து மீட்டதும் பிச்சாண்டிக்குளத்து ஆட்கள்தான். அந்தப் பூங்கா 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஒரு மாநகரத்தின் நடுவில், உள்ளூர்ச் செடிகளை வைத்து, தொழில் அறிந்தவர்கள் படம் போட்டுக் கூலி வாங்கிச் செய்த வேலை. அன்றைக்குத்தான் இது தொழில் என்று எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் கவனித்தேன். நாற்றங்காலில் பை நிரப்பியது, விதை ஊறவைத்தது, களை எடுத்தது எல்லாம் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். செடிப் பெயர்களை அவர்கள்தான் தடுமாறாமல் சொன்னார்கள்.

மற்ற ஊர்ப் பெண்கள்

கர்நாடகத்தில் அங்கோலா பக்கம் துளசி கவுடா என்ற ஹாலக்கி பழங்குடி அம்மா இருந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. வனத்துறை நாற்றங்காலில் பல வருஷம் தினக்கூலி. காட்டில் எது தாய் மரம், எந்த மரத்தின் விதை நன்றாக முளைக்கும் என்று பார்த்த உடனே சொல்வார். 2021ல் டெல்லியில் வெறுங்காலோடு போய்ப் பத்மஸ்ரீ வாங்கினார். 2024 டிசம்பரில் காலமானார்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் வங்காரி மாத்தாய் 1977ல் பசுமைப் பட்டை இயக்கத்தை ஆரம்பித்தார். கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாற்று வளர்த்தார்கள். படிக்காத பெண்களுக்கு மரம் வளர்க்கத் தெரியுமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். பெண்கள் உடைந்த பானையிலும் நாற்று போட்டுக் காட்டினார்கள். பிழைத்த ஒவ்வொரு செடிக்கும் அவர்களுக்குச் சிறு தொகை கிடைத்தது. 2004ல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு. நம்ம குழு மாதிரிதானே?

பிரேசிலில் பர்லே மார்க்ஸ் என்று பெரிய தோட்டக் கலைஞர். இளவயதில் 1928ல் ஜெர்மனி போனபோது, பெர்லின் தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடி வீட்டுக்குள் தன் நாட்டுச் செடிகளை அழகாக வைத்திருப்பதைப் பார்த்தார். தன் ஊரில் யாரும் மதிக்காத செடிகள். திரும்பி வந்து அவற்றையே வைத்துப் பூங்காக்கள் அமைத்து உலகப் பெயர் வாங்கினார். அவருக்கு பெர்லின் போக வேண்டியிருந்தது. எனக்கு ஒரு ஆயா திண்ணைக்கே வந்து சொன்னார்.

நாங்கள் செய்கிற விதம்

கேட்கிறவர்களுக்காக வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் மழையில் போய் நிற்போம். தண்ணீர் எங்கிருந்து வருது, எங்கே தேங்குது, எங்கே மண்ணை அரிக்குதுன்னு பார்ப்போம். 1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். அதைச் சாக்கடைக்கு விடாமல் தோட்டத்துக்குத் திருப்பச் சின்ன வாய்க்காலும் வரப்பும் போதும். செடி அதற்கப்புறம்தான்.

நடும்போது அடுக்காக நடுவோம். பெரிய மரத்துக்கு இலுப்பை, நாவல், புங்கம். அதன் கீழே வெப்பாலை, சரக்கொன்றை. வேலி ஓரம் விராலி, நொச்சி, ஆடாதோடை, மூன்றையும் ஆடு கடிக்காது. வெயில் படும் இடத்தில் ஆவாரை, வெட்சி. மண் தெரியாமல் சருகு மூடாக்குப் போடுவோம். சருகைக் கூட்டி எரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வைப்போம். ஆடி, ஆவணி மழையில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை வேரை இறக்கிவிடும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே நிற்கும்.

சரக்கொன்றை விதை தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தால் முளைக்கும். வேப்பங்கொட்டையைப் பொறுக்கிய சில நாளிலேயே விதைக்க வேண்டும், வைத்திருந்தால் உயிர் போய்விடும். விதையை ஊர்ப்புறத்திலும் பட்டா நிலத்திலும்தான் எடுப்போம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. மலை கிராமத்துச் சகோதரிகளுக்கு 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள் எடுக்க உரிமை கொடுத்திருக்கிறது, கிராம சபையில் கேட்டு வாங்குங்கள்.

தப்பும் செய்திருக்கிறோம். ஒரு இடத்தில் ஆசைப்பட்டு, பாறைத் தரையில் புன்னை வைத்தோம். ஒன்றுகூட நிற்கவில்லை. கடற்கரை மணல் மரத்தைக் கல்லுக்காட்டில் வைத்தால் எப்படி நிற்கும்? எங்கள் செலவிலேயே வேறு செடி வைத்துக் கொடுத்தோம்.

படம் போட்டது யார்?

இப்போது முதலில் நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். ஒரு வளாகத்துக்குத் தோட்டம் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனால், "டிசைன் பண்ண வெளியில ஆள் இருக்காங்கம்மா. நீங்க செடி கொடுத்து, நட்டு, தண்ணி ஊத்தினா போதும்" என்றார் அங்கிருந்த பொறியாளர். கூலி மட்டும்தான். பழக்கத்தில் சரி சார் என்று சொல்லப் போனேன். பக்கத்தில் இருந்த எங்கள் ஊக்குநர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒரு வாரம் டைம் கொடுங்க சார், நாங்களும் ஒரு படம் கொண்டு வர்றோம்" என்றார்.

சார்ட் பேப்பர் வாங்கினோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் அளவு போட்டாள். தண்ணீர் ஓடும் வழியை நீலத்தில் வரைந்தோம். நாற்பத்தொரு பெயரில் அந்த மண்ணுக்கு ஆகிறது எது என்று ஆயாவைப் போனில் கேட்டுக் கேட்டுக் குறித்தோம். ஒவ்வொரு செடிக்கும் என்ன பலன், எந்த மாசம் பூ, எத்தனை தண்ணீர் என்று பக்கத்தில் எழுதினோம். கீழே எங்கள் குழுவின் பெயரைப் போட்டோம்.

அவர் அரை மணி நேரம் பார்த்தார். பாதி இடத்தை மட்டும் எங்களுக்குக் கொடுத்தார். மீதியில் புல்தரை வந்தது. இரண்டாவது கோடையில் அந்தப் புல்லுக்கு லாரித் தண்ணீர் வாங்கினார்கள். எங்கள் பக்கம் சரக்கொன்றை பூத்து நின்றது. அதற்கடுத்த வேலைக்குக் கூப்பிட்டபோது, திட்டம் போடத் தனித் தொகை, நடத் தனித் தொகை என்று எழுதி வாங்கிக்கொண்டோம். கோனோகார்பஸ் கொடுத்த பாடம் அது. திட்டத் தொகையில் முதல் பங்கை ஆயாவுக்குக் கொடுத்தோம். "சொன்னதுக்கா காசு?" என்று சிரித்தார். "ஆமாம் ஆயா, சொன்னதுக்குத்தான்" என்றேன்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் அப்படி ஒரு ஆயா இருப்பார். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள். செடிப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று உண்டு, அதிலும் அந்தப் பெயர்கள் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். நாற்றங்கால் வைத்திருக்கும் குழுக்கள் செடி விற்பதோடு நிற்காமல் படமும் போடப் பழகுங்கள். எங்கள் நோட்டை யார் கேட்டாலும் தருகிறேன். ஜெராக்ஸ் செலவு மட்டும் உங்களுடையது.